அரசனுக்கு எழுப்பிய வாயில்

ஜார்ஜ் டவுன் கடற்கரையில், கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகே, வெண்ணிற மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. விக்டோரியா மகாராணியார் அரியணை ஏறி 60 ஆண்டுகள் நிறைவெய்திய 1897-ஆம் ஆண்டின் நினைவாகச் சியா சென் இயோக் என்னும் சீனச் செல்வர் அதனை இந்நகருக்கு வழங்கினார். ஆண்டுக்கு ஓரடி என்னும் கணக்கில் அதன் உயரம் 60 அடி. எவருக்காக எழுந்தது என்பதை அது சொல்கிறது. எவர் பொருள் கொடுத்தார் என்பதையும் சொல்கிறது. எவருடைய அறிவில் உருவாகி, எவருடைய கைகளால் எழுந்தது என்னும் மூன்றாவது வினாவை மட்டும் அதன் முன் நின்று கேட்போர் அரியர். பெருங்கட்டடங்கள் அனைத்திற்கும் நேரும் கதி இதுதான். அரசர் பெயர் கல்லில் நிலைக்கிறது. வள்ளல் பெயர் பலகையில் நிலைக்கிறது. வகுத்தவர் பெயர் ஏடுகளுக்குள் ஒதுங்கிவிடுகிறது. கல் சுமந்தவர் பெயர் ஏட்டிலும் ஏறுவதில்லை.

இந்தியாவின் முகம் என்று உலகம் அறிந்துள்ள கட்டடங்களுள் ஒன்று, மும்பைக் கடற்கரையில் நிற்கும் இந்திய வாயில். அதனைப் படத்திலேனும் காணாத தமிழர் குறைவு. அதனை வகுத்தவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ஜார்ஜ் விட்டெட் என்பதை அறிந்தவரோ மிகச் சிலர். ஆட்சி செய்ய வந்த இனத்தில் பிறந்து, ஆளப்பட்டோரின் கலைக்கு மாணவராகி, அவர்தம் மண்ணிலேயே மறைந்த இம்மனிதரின் வாழ்க்கை, குடியேற்ற ஆட்சியின் சுவடுகளுக்கு நடுவே வாழும் பினாங்குத் தமிழர்க்கும் சிந்திக்கத்தக்க செய்திகளைக் கொண்டுள்ளது.

பிறப்பும் பயிற்சியும்

ஸ்காட்லாந்தின் மலைப்பாங்கான பெர்த்ஷயர் பகுதியில் பிளேர் ஆத்தல் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1878-ஆம் ஆண்டு விட்டெட் பிறந்தார். பெர்த் நகரில் ஹெய்ட்டன் என்னும் கட்டடக்கலைஞரிடம் தொழில் பயின்றார்; அதன்பின் எடின்பரோவிலும் இங்கிலாந்தின் யார்க் நகரிலும் பணிபுரிந்தார். நம் நாட்டில் சிற்பியும் தச்சரும் ஆசான் அருகிருந்து அளவும் வரைவும் கற்பதைப் போன்று, அந்நாளில் அங்கும் இத்தொழிலைக் கற்க விரும்பிய இளைஞர் தேர்ந்த ஒருவரிடம் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் பயில்வதே வழக்கமாக இருந்தது.

1904-ஆம் ஆண்டு, 26-ஆம் வயது நிறைவுறும் தறுவாயில் அவர் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். 1995-ஆம் ஆண்டு மும்பை எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நகர் அப்போது பம்பாய் மாகாணத்தின் தலைநகர். அம்மாகாண அரசின் ஆலோசனைக் கட்டடக்கலைஞராக இருந்த ஜான் பெக் என்பாரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரே. அவருக்கு உதவியாளராக விட்டெட் அமர்ந்தார். பிற்காலத்தில் பெக் இந்திய அரசின் பணிக்கு உயர்ந்தபோது, அவர் விட்டுச் சென்ற மாகாணப் பொறுப்பு விட்டெட்டின் தோள்களில் அமர்ந்தது.

பெக் வகுத்த பெரும்பணிகளுள் ஒன்று பம்பாய்த் தலைமை அஞ்சலகம். 1913-ஆம் ஆண்டில் நிறைவுற்ற அக்கட்டடத்தின் நடுக்கூடத்தை ஒரு பெருங்குவிமாடம் மூடி நிற்கிறது. அதற்கு முன்மாதிரி இலண்டனிலோ உரோமாபுரியிலோ உள்ளதன்று. தக்காணத்துப் பீஜப்பூரின் கோல் கும்பஸ் ஆகும். கடிதமும் பணவிடையும் அனுப்ப வந்த எளிய மக்கள் ஒரு சுல்தானின் நினைவு மண்டபத்தை ஒத்த கூரையின் கீழ் நின்றனர். பெக்கின் பட்டறையில் விட்டெட் கற்ற முதற்பாடம் இதுவே எனலாம்: ஒரு நாட்டில் கட்ட வந்தவர் அந்நாட்டுக் கட்டடங்களை முதலில் கண்திறந்து காண வேண்டும்.

கலப்புப் பாணியின் பின்னணி

ஆங்கிலேயர் இந்தியாவில் தொடக்கத்தில் எழுப்பியவை பெரும்பாலும் அவர்தம் ஊர்களில் உள்ளவற்றின் படிகளே. தூண் வரிசை கொண்ட மாளிகை, கூர்கோபுரம் கொண்ட தேவாலயம் ஆகியவை அவ்வகையின. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. இந்து, இசுலாமியக் கட்டடக்கலைகளின் குவிமாடம், சாளரப் பலகணி, கல் பின்னல் முதலியவற்றை ஐரோப்பியத் தளவமைப்போடு இணைக்கும் முறை தோன்றியது. இதனை இந்தோ-சாரசெனிக் பாணி என்பர். சென்னையில் இராபர்ட் சிசம் வகுத்த பல்கலைக்கழக ஆட்சிமன்ற மண்டபமும், ஹென்றி இர்வின் பங்குகொண்டு 1892-இல் நிறைவுற்ற உயர்நீதிமன்றமும் தமிழர் நன்கறிந்த சான்றுகள்.

இப்பாணி மலாயாவுக்கும் வந்தது. கோலாலம்பூரில் 1897-இல் திறக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும், ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வகுத்த ஜாமெக் பள்ளிவாசலும், 1910-ஆம் ஆண்டின் இரயில் நிலையமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பினாங்கில் தமிழ் முசுலிம்களின் தலைவர் காதர் முகைதீன் மரைக்காயர் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் இதே அலையில் புதுவடிவம் பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி ஆல்பிரட் நியூப்ரானர் என்னும் கட்டடக்கலைஞர் அதனை மொகலாயச் சாயலில் விரிவாக்கினார்.

இப்பாணியைக் கலைப்பற்றின் விளைவு என்று மட்டும் கொள்வது வரலாற்றுக்கு முழுமை தராது. 1857-ஆம் ஆண்டின் பேரெழுச்சிக்குப் பின், தாங்கள் மொகலாயரின் வழித்தோன்றலாக நின்று ஆளும் உரிமை பெற்றவர்கள் என்று காட்டிக்கொள்ள ஆங்கில அரசு விரும்பியது. பழைய அரசர்களின் குவிமாடங்களைத் தன் அலுவலகங்களுக்குச் சூட்டியதில் அரசியல் இருந்தது. அவ்வரசியல் வகுத்த வட்டத்திற்குள் நின்றவரே விட்டெட்டும். எனினும் ஒரே வட்டத்திற்குள் நின்றோர் அனைவரும் ஒரே வகையில் பணிசெய்தனர் அல்லர். அவருடைய கட்டடங்களை அணுகி நோக்கினால் இவ்வேறுபாடு புலனாகும்.

அருங்காட்சியகம்

1905-ஆம் ஆண்டு நவம்பரில் வேல்சு இளவரசர் பம்பாய்க்கு வந்தார். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடியவர் இவரே. அவர் வருகையின் நினைவாக ஓர் அருங்காட்சியகம் அமைக்க நகரப் பெருமக்கள் உறுதிபூண்டனர். அடிக்கல்லை இளவரசரே நாட்டினார். 1909-ஆம் ஆண்டில் நடைபெற்ற பொதுப் போட்டியில் விட்டெட்டின் வடிவமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது.

அவர் இப்பணிக்காகத் தக்காணத்துப் பழந்தலைநகர்களான பீஜப்பூர், கோல்கொண்டா ஆகியவற்றின் கட்டடங்களிலிருந்து கூறுகளை எடுத்தாண்டார். கோல் கும்பஸ், 1656-இல் மறைந்த முகமது அடில் ஷாவின் நினைவிடம். அதன் குவிமாடத்தின் புறவிட்டம் ஏறத்தாழ 44 மீட்டர். சதுரமான கூடத்தின்மீது வட்டமான குவிமாடத்தை அமர்த்துவது கட்டடக்கலையின் பழஞ்சிக்கல்களுள் ஒன்று. மூலைகளில் வட்டத்தைத் தாங்கச் சுவர் இல்லை. குவிமாடத்தின் சுமையோ சுவர்களை வெளிநோக்கித் தள்ளும். பீஜப்பூர்க் கட்டுநர்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைவுகளை எழுப்பி, சதுரத்தை எண்கோணமாகவும், எண்கோணத்தை வட்டமாகவும் மாற்றி, சுமையைக் கீழே இறக்கினர். ஏட்டுக்கல்வி பெற்ற ஐரோப்பியப் பொறியாளரும் வியந்து பயின்ற நுட்பம் அது. விட்டெட் தம் அருங்காட்சியகத்தின் உள்மண்டபத்தில் அவ்வளைவுகளையே பின்பற்றினார்.

அவர் கல்லையும் அயலிலிருந்து தேடவில்லை. பம்பாயை அடுத்த குர்லாவின் சாம்பல்நிறக் கருங்கல்லும், மாலாடின் மங்கிய மஞ்சள் கல்லும் சுவராயின. நாசிக் நகரில் ஏலத்திற்கு வந்த பழைய மாளிகை ஒன்றின் மர வளைவு மண்டபத்தை விலைக்கு வாங்கி, அதனையும் கட்டடத்தினுள் பொருத்தினார். அழியவிருந்த நாட்டுத் தச்சர் கைவண்ணம் இவ்வாறு காப்பாற்றப்பட்டது. அருங்காட்சியகம் பொருள்களைத் திரட்டத் தொடங்கும் முன்னரே, கட்டடமே முதற்காட்சிப் பொருளாகிவிட்டது எனல் மிகையன்று.

1914-இல் கட்டடம் நிறைவுற்றது. அவ்வாண்டே முதல் உலகப்போர் மூண்டதால், கலைப்பொருள்களுக்கு முன் நோயுற்றோர் அங்கே இடம்பெற்றனர்; போர்க்காலத்தில் அது மருத்துவமனையாகப் பயன்பட்டது. 1922-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள்தான் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இளவரசர் பெயரை 76 ஆண்டுகள் தாங்கிய அந்நிலையம், 1998-இல் சத்ரபதி சிவாஜி மகராஜ் பெயரைப் பெற்றது. பெயர் மாறிற்று, கட்டடத்தை எவரும் அயலானது என்று தள்ளவில்லை. முறையாகப் புதுப்பித்துப் பேணியமைக்காக 2022-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுடைமைப் பாதுகாப்பு விருதுகளில் உயர்சிறப்பு விருதும் கிட்டியது.

இந்திய வாயில்

1911-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் பம்பாயின் அப்பல்லோ துறையில் இறங்கினர். தில்லியில் நிகழவிருந்த முடிசூட்டுப் பேரவைக்கு அவர்கள் சென்றுகொண்டிருந்தனர். இந்திய மண்ணில் கால்வைத்த முதல் ஆங்கிலப் பேரரசருக்கு அன்று கிட்டியது அட்டையால் ஆன அலங்கார வளைவே. அதற்கு ஈடாகக் கல்லில் நிலையான வாயில் ஒன்று எழுப்பும் பொறுப்பு விட்டெட்டிடம் வந்தது. அவருடைய இறுதி வடிவமைப்பு 1914-இல் ஒப்புதல் பெற்றது.

உரோமப் பேரரசின் வெற்றி வளைவுகளை ஐரோப்பியர் அனைவரும் அறிவர். ஒரு பேரரசருக்கு வாயில் எழுப்பச் சொன்னால் அதனையே வரைவது எளிது. விட்டெட் அவ்வடிவத்தை அடிப்படையாகக் கொண்டாலும், அதன்மீது 16-ஆம் நூற்றாண்டுக் குஜராத்தின் கட்டடக்கலையைப் போர்த்தினார். நான்கு சிறுகோபுரங்களும், கூர்முனை வளைவுகளும், கல்லில் நூல்வேலைபோல் துளைத்த பின்னல்களும் அம்மரபிலிருந்து வந்தவை. உயரம் 26 மீட்டர். நடுக்குவிமாடத்தின் விட்டம் 15 மீட்டர். மஞ்சள்நிறக் கருங்கல்லோடு, அக்காலத்தில் புதியதாய் இருந்த கம்பிக் கட்டுக் கான்கிரீட்டையும் அவர் துணைக்கொண்டார். பழைய வடிவமும் புதிய பொருளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வகை அது.

பணி எளிதாக நிறைவேறவில்லை. 1915 முதல் 1919 வரை கடலைத் தூர்த்துக் கரை அமைக்கும் வேலையே நடைபெற்றது. 1920-இல் அடித்தளம் முடிவுற்றது. 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் அரசப் பேராளர் ரெடிங் பிரபு வாயிலைத் திறந்துவைத்தார். செலவு 21 இலட்சம் ரூபாய். நகரிலிருந்து நேராக வாயிலை நோக்கி வரும் ஒரு பெருஞ்சாலையும் திட்டத்தில் இருந்தது. பணம் போதாமையால் அது அமைக்கப்படவே இல்லை. அதனால் இன்றும் அவ்வாயில் தன்னை நோக்கி வரும் சாலைக்கு நேராக அமையாமல், சற்றே கோணித்து நிற்கிறது.

வரலாறு இவ்விடத்தில் ஒரு புன்னகை பூக்கிறது. எந்த மன்னருக்காக அவ்வாயில் எழுந்ததோ, அவர் நிறைவுற்ற வாயிலின் கீழ் ஒருநாளும் நடந்ததில்லை. 1911-க்குப் பின் அவர் இந்தியாவுக்கு வரவேயில்லை. ஆனால் 1948-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், சாமர்செட் இலகு காலாட்படையின் முதற்பிரிவு அவ்வாயிலின் வழியே நடந்து கப்பலேறிற்று. விடுதலை பெற்ற இந்தியாவை விட்டு நீங்கிய இறுதி ஆங்கிலப் படை அது. வருகைக்கென்று வகுத்த வாயில் விடைகொடுக்கவே பயன்பட்டது. அதன்பின் அது எந்த அரசருக்கும் உரியதாய் இல்லை. கடற்காற்று வாங்கும் குடும்பத்தினரும், படம் எடுக்க வரும் வெளியூர் மக்களும், படகேற வரும் பயணிகளும் அதன் உடைமையாளர் ஆயினர்.

அரசப்பணிக்கு அப்பால்

இவ்விரண்டோடு விட்டெட்டின் பணி முடியவில்லை. அறிவியற் கழகக் கட்டடம் அவர் வகுத்ததே. பார்சிச் செல்வர் சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர், யூதரான ஜேக்கப் சசூன், முசுலிமான கரிம்பாய் இப்ராகிம், இந்துவான வசன்ஜி முல்ஜி ஆகியோரின் நன்கொடையால் எழுந்த கல்விக்கூடம் அது. துறைமுகம் ஆழப்படுத்தப்பட்டபோது தோண்டிய மண்ணால் கடலைத் தூர்த்து உருவாக்கிய பல்லார்ட் எஸ்டேட் என்னும் வணிகப் பகுதிக்கும் அவரே ஒழுங்கு வகுத்தார். அங்கே குவிமாடங்கள் இல்லை. ஐரோப்பிய நகரத் தெருவை ஒத்து, ஒரே உயரமும் ஒரே நடையும் கொண்ட கட்டடங்கள் அணிவகுத்து நிற்கின்றன. இடத்திற்கும் பயனுக்கும் ஏற்பப் பாணியைத் தெரிந்தெடுத்தவர் அவர் என்பதற்கு இதுவே சான்று.

1919-ஆம் ஆண்டில் அவர் அரசுப்பணியைத் துறந்து டாட்டா நிறுவனத்தாரிடம் சேர்ந்தார். அவர்களது தலைமையகமான பாம்பே ஹவுஸ் 1924-இல் அவர் கைவண்ணமாக எழுந்தது. பரேல் பகுதியில் 1926-இல் திறக்கப்பட்ட எட்வர்டு மன்னர் நினைவு மருத்துவமனையும், அதனோடு இணைந்த சேத் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரியும் அவர் வகுத்தவையே. அக்கல்லூரிக்கு நன்கொடை வழங்கியோர், தகுதிபெற்ற இந்தியரே அங்கு ஆசிரியராக அமர வேண்டும் என நிபந்தனை விதித்தனர். மன்னர் பெயர் தாங்கிய மருத்துவமனையிலேயே இந்தியரின் தன்மதிப்பும் இவ்வாறு இடம்பெற்றது.

கல்வியுலகினர் மறக்கலாகாத செய்தி மற்றொன்றும் உண்டு. சர் ஜாம்செட்ஜி ஜீஜீபாய் கலைப்பள்ளியில் கட்டடக்கலை பயின்ற மாணவர்கள் 1917-இல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். விட்டெட் அதன் முதல் தலைவரானார். அச்சிறு மாணவர் சங்கமே வளர்ந்து, 1929-இல் இந்தியக் கட்டடக்கலைஞர் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. இந்தியத் தலைநகராகப் புதுதில்லியை வகுத்த எட்வின் லட்யன்ஸ், இந்தியக் கட்டடக்கலைமீது மதிப்புக் குறைந்தவர். அதே காலத்தில் பம்பாயிலோ, அரசின் உயர்பதவியிலிருந்த ஒருவர், நாளை தம் இடத்தைப் பெறவிருந்த இந்திய இளைஞர்களின் நடுவே அமர்ந்திருந்தார். ஆசிரியரின் பெருமை தாம் இன்றியும் இயங்கவல்ல மாணவரை விட்டுச் செல்வதில்தான் உள்ளது.

1926-ஆம் ஆண்டு, கடும் வயிற்றுக்கடுப்பு நோயால் விட்டெட் பம்பாயிலேயே மறைந்தார். அப்போது அவர் 50 வயதையும் எட்டவில்லை. சேவ்ரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பிறந்த மலைநாட்டுக்கு அவர் உடல் திரும்பவில்லை.

மற்றொரு வாயில்

விட்டெட் மறைந்த அதே 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு கப்பல் கட்டப்பட்டது. ரஜூலா என்னும் அப்பெயரைக் கேட்டவுடன் பினாங்கின் முதியோர் நெஞ்சம் அசையும். சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடி, தமிழரை ஆயிரமாயிரமாய்ச் சுமந்த கப்பல் அது. கிளாஸ்கோவின் எஃகும், பிளேர் ஆத்தலின் மைந்தனும் ஒரே பேரரசின் கடல்வழிகளில் கீழ்த்திசை நோக்கி வந்தவையே.

ஆயினும் வரவேற்பில் எத்துணை வேற்றுமை! ஒருநாள் வந்து இறங்கிய மன்னருக்கு 21 இலட்சம் ரூபாயில் வாயில் எழுந்தது. தளத்தில் படுத்துறங்கி வந்த தமிழ்த் தொழிலாளர்க்குக் கிடைத்ததோ ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாம். இந்நாட்டின் இரயில் பாதையையும் சாலையையும் தோட்டங்களையும் உருவாக்கிய அவர்கள் கால்பதித்த இடத்தில் வளைவு ஏதும் எழவில்லை. இந்திய வாயிலைத் தாங்கும் கல்லைச் செதுக்கிய கைகளுக்கும், இங்கே பாதை வெட்டிய கைகளுக்கும் நேர்ந்த மறதி ஒன்றே.

ஆதலின், இக்கட்டடங்களை நாம் எவ்வாறு நோக்குவது? அடிமைத்தனத்தின் சின்னங்கள் என்று இகழ்வோர் உண்டு. பழைய ஆட்சியின் பொற்காலம் என்று புகழ்வோரும் உண்டு. விட்டெட்டின் வாழ்க்கை இவ்விரண்டிலும் உள்ள குறையைக் காட்டுகிறது. பேரரசின் ஆணை இன்றி அவருடைய கட்டடங்கள் எழுந்திரா. பீஜப்பூரின் கட்டுநரும், குஜராத்தின் கல்தச்சரும், நாசிக்கின் மரத்தச்சரும் தங்கள் அறிவை முன்பே நிலைநாட்டியிராவிடில், அவர் கைக்கு அவ்வடிவங்கள் கிட்டியுமிரா. கடன் பெற்றவர் தாம் பெற்றதை மறைக்காமல், பார்ப்போர் அறியும்படி கல்லிலேயே காட்டினார் என்பதே அவருக்குரிய சிறப்பு.

ஜார்ஜ் டவுன் 2008-ஆம் ஆண்டு சூலை மாதம் மலாக்காவுடன் இணைந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களுக்குக் காவல் கிடைத்துள்ளது. அவற்றின் வரலாற்றுக்கும் காவல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை மணிக்கூண்டுக்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கும் அழைத்துச் செல்லும் ஆசிரியர், எவருக்காகக் கட்டினர், எவர் பொருள் தந்தார் என்பவற்றோடு, எவர் வகுத்தார், அவர் எவரிடம் கற்றார், எவர் கல் சுமந்தார் என்பவற்றையும் வினவச் செய்தல் வேண்டும். விடை கிட்டாத வினாக்களும் பிள்ளைகளின் உள்ளத்தில் தங்கட்டும். ஏடு எழுதத் தவறிய பெயர்களைத் தேடும் ஆர்வம் அங்கிருந்துதான் பிறக்கும். தேடுவோர் பிறந்தால், நம் மூதாதையர் கால்பதித்த கரையும் வரலாற்றில் தனக்குரிய வாயிலைப் பெறும்.